முதல் குழந்தையின் செருப்பு

அந்த ஆஸ்பத்திரியின் வரலாற்றை அதன் சொந்த வாயால் கேட்பதுதான் மரியாதை. நுழைவாயிலில் பளிங்குக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆரம்பத்தில் இரண்டே அறை. ஒன்றில் டாக்டர், இன்னொன்றில் கட்டில், வாசலில் ஒரு பெஞ்சு. ஊர்க்காரர்களே கல்லும் மண்ணும் சுமந்து கட்டியது. முடியாதவர் யாராவது பெஞ்சில் வந்து உட்கார்ந்தால் டாக்டர் எழுந்து வந்து பார்ப்பார். நடைமுறை அவ்வளவுதான்.

பிறகு ஆஸ்பத்திரி வளர ஆரம்பித்தது. முதலில் பின்பக்கத் தோட்டத்தை எடுத்துக்கொண்டது. அடுத்து பக்கத்துப் பள்ளிக்கூடத்தை. எதிர்வரிசையில் இருந்த இரண்டு சின்ன கிளினிக்குகளை வாங்கி இடித்து, ஒன்றை வண்டி நிறுத்தும் இடமாகவும் மற்றதைச் செயற்கை நீரூற்றாகவும் ஆக்கியது. ஒரு நாள்கூட அது வளராமல் இருந்ததில்லை. மனித உடம்பில் இப்படி ஒன்று வளர்ந்தால் டாக்டர்கள் உடனே வெட்டி எடுக்கச் சொல்லியிருப்பார்கள். ஆஸ்பத்திரி என்பதால் விழா எடுத்தார்கள்.

அந்த வைர விழா நாளில்தான் பூட்டுக்காரர் தன் மனைவியைக் கூட்டிக்கொண்டு அங்கே போனார். வேறு நாளில் போயிருக்கலாமே என்று பிறகு பலபேர் துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டார்கள். மூச்சு முட்டுவது விழா பார்த்து வருவதில்லை.

பூட்டுக்காரருக்கு அந்தக் கட்டடம் புதிதல்ல. பாதிக் கதவுகளுக்குப் பூட்டுப் போட்டவரே அவர்தான். போன மாதம்கூடக் கூப்பிட்டனுப்பி, பின்கட்டில் ஒரு அறைக்குப் பூட்டுப் போடச் சொன்னார்கள். வெளியிலிருந்து மட்டும்தான் திறக்க வேண்டும் என்றார்கள். "உள்ள யாராவது மாட்டிக்கிட்டா திறக்க முடியாதே சார்" என்று இவர் தலையைச் சொறிந்தார். "உள்ள இருக்கிறது ரொம்ப விலை உயர்ந்த பொருள். திரும்பக் கிடைக்கிறது கஷ்டம்" என்றார்கள். ஏதோ வெளிநாட்டு இயந்திரம் போலிருக்கிறது, இயந்திரம் எதற்குக் கதவைத் திறக்கப் போகிறது என்று அவரும் போட்டுவிட்டு வந்துவிட்டார்.

மனைவிக்கு நாலைந்து நாளாகவே சரியில்லை. நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கியது. படுத்தால் நெஞ்சை அடைத்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். பாதம் வீங்கிச் செருப்பின் வார் வெட்ட ஆரம்பித்ததும் பூட்டுக்காரர் வாரை அறுத்து, தன் சாமான் பையிலிருந்த தோல் துண்டை இடையில் வைத்துத் தைத்து நீட்டிவிட்டார். தையல் கோணல்மாணலாக இருந்தது.

"பூட்டுத் தொழில் பார்த்த கை, செருப்புக்கும் சாவித்துவாரம் வெச்சிருக்கு" என்று அவள் கேலி செய்தாள். சொல்லிவிட்டு மூச்சுக்காகக் கொஞ்சம் காத்திருந்தாள். அந்தக் காத்திருப்பைப் பார்த்ததும் அவர் சாமான் பையைக் கையில் எடுத்துக்கொண்டார். அன்று காலையிலேயே கிளம்பிவிட்டார்கள்.

வாசலில் காவலாளி சாமான் பையைப் பிடுங்கிக்கொண்டார். கம்பியும் திருப்புளியும் உள்ளே போகக் கூடாதாம். தொழில் சாமான் இல்லாமல் இவர் வீட்டை விட்டு இறங்கியதே இல்லை. கை வெறுமையாக இருந்தது. அந்தக் கையால் மனைவியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

காத்திருப்புக் கூடம் எள் போட்டால் எள் விழாத கூட்டம். ஆனால் பார்த்த மாத்திரத்தில் ஏதோ இடித்தது. உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் நல்ல திடகாத்திரமாக இருந்தார்கள். தலை வாரி, சட்டை தேய்த்துப் போட்டு, முகத்தில் ஒரு புன்சிரிப்பை ஒட்டவைத்திருந்தார்கள். பூட்டுக்காரர் மனைவிக்கு ஒரு நாற்காலி பிடித்துக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் மெல்ல விசாரித்தார்.

"உங்களுக்கு உடம்புக்கு என்னங்க?"

"எனக்கா? ஒண்ணுமில்லையே. நாங்க கூடத்துக்கு வந்தவங்க."

"கூடத்துக்குன்னா?"

"வைர விழாவுல இன்னிக்கு நோயாளர் தினமாச்சே. பெரிய மனுஷங்க போட்டோகாரங்களோட வர்றாங்க. நிஜமாவே முடியாதவங்க உட்கார்ந்திருந்தா பார்க்கிறதுக்கு நல்லா இருக்காதுன்னு லீவு விட்டுட்டாங்க. தினக்கூலிக்கு எங்களைக் கூட்டிட்டு வந்திருக்காங்க." அவர் பூட்டுக்காரரின் மனைவியை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இந்தம்மா ரொம்ப தத்ரூபமா பண்றாங்க. ஆனா இவ்வளவு வேண்டாம்னு சொல்லுங்க. இருமினா கூலியில பிடிச்சுக்குவாங்க."

அதற்குள் நோயாளர் அனுபவப் பிரிவிலிருந்து ஒரு அலுவலர் வந்துவிட்டாள். சின்ன வயசு, நல்ல பெண். நெஞ்சில் சிரிக்கிற முகம் போட்ட பேட்ஜ் ஒன்றைக் குத்தியிருந்தாள். அவளுடைய சொந்த முகமும் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. கையில் ஒரு டோக்கனைக் கொடுத்துவிட்டு எதிரே முட்டி போட்டு உட்கார்ந்தாள். நோயாளியின் கண்மட்டத்துக்குத் தாழ வேண்டும் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

"அம்மா, எங்க ஆஸ்பத்திரியில உங்க சிகிச்சை அனுபவம் எப்படி இருந்துச்சு? ஒண்ணுலேர்ந்து அஞ்சுக்குள்ள சொல்லுங்க."

"இன்னும் டாக்டரையே பார்க்கலையேம்மா" என்றார் பூட்டுக்காரர்.

"அதனாலதான் சார் இப்பவே கேக்கறோம். முன்னாடியெல்லாம் சிகிச்சை முடிஞ்சப்புறம் கேட்டுக்கிட்டிருந்தோம். அதுல சிக்கல் வந்துச்சு. சில பேர் கோபமா இருந்தாங்க. சில பேர் பதில் சொல்ற நிலைமையில இல்ல. அவங்க வீட்டுக்காரங்ககிட்ட கேட்டா அவங்களும் சரியா ஒத்துழைக்கல. இப்ப ஆரம்பத்துலயே வாங்கிடறோம். மதிப்பெண் எங்கேயோ உயரத்துக்குப் போயிடுச்சு சார். போன வருஷம் விருதுகூட வாங்கினோம்."

மனைவி கண்ணைத் திறந்தாள். "அஞ்சுன்னு போட்டுக்கோ கண்ணு. டாக்டர்கிட்ட சீக்கிரம் விட்டா சரி."

"ரொம்ப நன்றிம்மா. நீங்க எப்போலேர்ந்து இங்க வர்றீங்க?"

இந்த இடத்தில்தான் பூட்டுக்காரர் வாயை விட்டார். அவருக்குப் பெரிய இடத்துச் சிபாரிசு எதுவும் கிடையாது. வாழ்க்கையில் கைவசம் இருந்த ஒரே பெருமை இதுதான். கல்யாணமான புதிதில் மனைவி சொன்னது, அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது. இதைச் சொன்னால் வரிசையில் கொஞ்சம் முன்னால் தள்ளிவிடுவார்கள் என்று ஒரு நப்பாசை.

"இவ பிறந்ததே இங்கதாம்மா. ரெண்டு ரூமா இருந்தப்போ இங்க பிறந்த முதல் குழந்தையே இவதான்."

அலுவலர் எழுந்து நின்றாள். சிரிப்பு அப்படியே இருந்தது, கண்ணில் மட்டும் வேறொன்று வந்தது. ஒரு ஓரமாகப் போய் போனில் மெதுவாகப் பேசினாள். பூட்டுக்காரரின் காதில் ஒரு வரிதான் விழுந்தது.

"கிடைச்சுட்டாங்க சார்."

அதன் பிறகு நடந்ததெல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் நடந்தது. ரிப்பன் சுற்றிய சக்கர நாற்காலி வந்தது. பூங்கொத்து வந்தது. பூட்டுக்காரரின் சட்டையில் 'வரலாற்றுக் குடும்பம்' என்று எழுதிய பட்டை ஒன்றை ஊசியால் குத்தினார்கள். கூடத்தில் இருந்த கூலி நோயாளிகள் சொல்லிவைத்தாற்போல் கைதட்டினார்கள். அவருக்குத் தலைகால் புரியவில்லை. ராஜமரியாதை என்றால் இதுதான் போலிருக்கிறது, நேரே டாக்டரிடம்தான் கூட்டிப்போகப் போகிறார்கள் என்று நினைத்து மனைவியைப் பார்த்துத் தலையாட்டினார். சொன்னேன் பார்த்தாயா என்று அதற்கு அர்த்தம்.

அலுவலர் கையை நீட்டினாள். "அந்த டோக்கனைக் குடுத்துடுங்க சார். இனிமே உங்களுக்குத் தேவைப்படாது."

நாற்காலி நீளமான நடையில் போய் 'வரலாற்றுக் கூடம்' என்று எழுதிய கதவுக்குள் நுழைந்தது. ஆதியில் அந்த இரண்டு அறைகளும் இருந்த இடம் அதுதான். வரலாற்றுக் கூடம் கட்ட இடம் போதாமல் அவற்றை இடித்துவிட்டு, கட்டி முடித்த பிறகு அதே போல இரண்டு அறைகளை அட்டையிலும் சுண்ணாம்பிலும் உள்ளே செய்து வைத்திருந்தார்கள். பெஞ்சு இருந்தது, உட்காரக் கூடாது என்ற அறிவிப்போடு. பழைய கட்டிலும் இருந்தது. மெழுகில் செய்த பழைய டாக்டர், ஆஸ்பத்திரியின் நிறுவனர், ஸ்டெதஸ்கோப்பை நீட்டிக்கொண்டு குனிந்து நின்றார். முன்னால் நாற்காலிகள் வரிசையாகப் போட்டு ஒலிபெருக்கி கட்டியிருந்தது.

"இவராவது என் பக்கம் குனிஞ்சாரே" என்றாள் மனைவி.

சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு பலகை. 'முதல் குழந்தை' என்று மேலே. அதற்குக் கீழே அவள் பிறந்த வருடம், ஒரு சின்னக் கோடு, அப்புறம் வெற்றிடம். புதுப் பெயின்ட் வாசனை வந்தது. பூட்டுக்காரர் அந்தக் கோட்டையும் அதற்குப் பின்னால் இருந்த இடத்தையும் பார்த்தபடி நின்றார்.

"இந்த இடம் எதுக்கும்மா சும்மா கிடக்கு?"

"டிசைன் சார்" என்ற அலுவலர், முதல்முறையாக அவர் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

போட்டோகாரர் பூட்டுக்காரரின் மனைவியை அந்தப் பழைய கட்டிலில் படுக்கச் சொன்னார். அதே கட்டில், அதே குழந்தை, அறுபது வருடம் கழித்து. எந்தப் பத்திரிகையில் போட்டாலும் எடுபடுமாம். படுத்தால் மூச்சு முட்டும் என்று பூட்டுக்காரர் குறுக்கே விழுந்தார். ஒரே நிமிஷம் என்றார்கள். தலைக்கு ரெண்டு தலையணையாவது வையுங்கள் என்றார். அந்தக் காலத்தில் தலையணை இல்லை, வரலாற்றுப் பிழையாகிவிடும் என்றார்கள்.

"செருப்பையும் கழட்டிடுங்கம்மா. பிறந்த குழந்தைக்கு ஏது செருப்பு" என்றார் போட்டோகாரர்.

அவள் வீங்கிய காலிலிருந்து செருப்பைக் கழற்ற முடியாமல் கழற்றினாள். யாரோ அதை எடுத்துக்கொண்டு போனார்கள். படுத்தாள். போட்டோகாரர் சிரிக்கச் சொன்னார். அவள் உதட்டில் லேசாக நீலம் பாரித்திருந்தது. ஒளியைக் கொஞ்சம் மாற்றினால் சரியாகிவிடும் என்றார்.

அந்த நேரத்தில் ஆஸ்பத்திரி இயக்குநர் வந்து சேர்ந்தார். நல்ல உயரம், மணியான குரல். எங்கே நின்றாலும் அவருக்கு அது மேடைதான். பூட்டுக்காரரின் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குலுக்கினார்.

"உங்களைத் தேடாத இடமில்லைங்க. முதல் குழந்தை எங்கேன்னு கேக்காத ஆள் இல்ல. இவங்க இல்லாம இந்தக் கூடமே மொட்டையா நின்னுச்சு. அன்னிக்கு ரெண்டு ரூம். இன்னிக்கு எத்தனைன்னு நினைக்கிறீங்க? முன்னூறைத் தாண்டிடுச்சு. அன்னிக்கு ஒரு பெஞ்சு. இன்னிக்குக் காத்திருக்கிறதுக்கு மட்டும் நாலு மாடி. காத்திருக்கிற வசதியில எங்களை அடிச்சுக்க ஆள் கிடையாது. தனித்தனிக் கட்டடம், தனித்தனி அலுவலகம், பாராட்டுறதுக்கே ஒரு பிரிவு."

"டாக்டருங்க எத்தனை பேர் சார்?"

இயக்குநரின் முகம் மலர்ந்தது. இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர் போல இருந்தார். "அங்கதாங்க எங்க பண்பாடு இருக்கு. எல்லாத்தையும் மாத்தினோம். டாக்டர் விஷயத்துல மட்டும் நிறுவனர் காலத்து எண்ணிக்கையை இன்னி வரைக்கும் மாத்தாம காப்பாத்திட்டு வர்றோம்."

பூட்டுக்காரர் கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. "அந்த ஒருத்தரைக் கூப்பிடுங்க சார். இவளால மூச்சு விட முடியல. பார்த்தாலே தெரியுதே."

"டாக்டர் நோயாளிங்களைத்தான் பார்ப்பாருங்க."

"இவ நோயாளிதானே."

"காலையில இருந்தாங்க. டோக்கனைத் திருப்பிக் குடுத்ததும் வரலாற்றுப் பிரிவுக்கு மாத்திட்டோம். இது பெரிய கௌரவம். வரலாற்றுக்கு வைத்தியம் பார்க்கிற வழக்கம் எங்கயும் கிடையாது. பராமரிப்புதான்."

"அப்போ திரும்ப நோயாளியா மாத்துங்க."

இயக்குநர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். வருத்தம் உண்மையானதுதான், அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. "வரலாற்றுலேர்ந்து யாரும் வெளியே போனதில்லைங்க. அதுக்கு நடைமுறை இல்ல. நீங்க கவலைப்படாதீங்க, நாங்க இருக்கோம். எது நடந்தாலும் இவங்க இங்க வீணாப் போக மாட்டாங்க." அப்படிச் சொல்லும்போது அவர் கண் பலகையில் இருந்த வெற்றிடத்துக்கு ஒரு தடவை போய்விட்டு வந்தது.

அதற்கு மேல் பூட்டுக்காரருக்கு அங்கே நிற்க முடியவில்லை. மனைவியைக் கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தார். அப்படியே தள்ளிக்கொண்டு வெளியே போய்விடலாம் என்று திருப்பியபோது இரண்டு காவலாளிகள் சிரித்த முகத்தோடு வழியில் நின்றார்கள். காட்சிப் பொருளைக் கூடத்துக்கு வெளியே எடுத்துப்போகக் கூடாது என்றார்கள். வெளியே போனாலும்தான் எங்கே போவது. இருந்த இரண்டு கிளினிக்கில் ஒன்று வண்டி நிறுத்துமிடம், மற்றது நீரூற்று.

அவள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"நீங்க போய் அந்த டாக்டரைக் கூட்டிட்டு வாங்க. நான் இங்க இருக்கேன். இவங்களோட மல்லுக்கட்டாதீங்க." மூச்சு. "சீக்கிரம் வந்துடுங்க."

இத்தனை வருட வாழ்க்கையில் அவரைச் சீக்கிரம் வரச் சொன்னதே இல்லை அவள். மெதுவா வாங்க, பார்த்து வாங்க என்றுதான் சொல்லுவாள். அந்த ஒரு சொல்லைக் காதில் வைத்துக்கொண்டு அவர் ஓடினார்.

முன்னூறு அறைகளும் வரிசையாக வந்தன. பாராட்டுப் பிரிவு. விருதுப் பிரிவு. வளர்ச்சித் திட்டம். விரிவாக்கத் திட்டத்தின் விரிவாக்கம். கண்ணாடிக் கதவுகளுக்குப் பின்னால் ஆட்கள் உட்கார்ந்து எதையோ தட்டிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் எங்கே என்றால் ஆளாளுக்கு ஒரு திசையைக் காட்டினார்கள். 'மருத்துவர்' என்று அம்புக்குறி போட்ட பலகை ஒன்று மூன்று நடைகளைத் தாண்டி ஒரு சுவரில் கொண்டுபோய் விட்டது. அந்தச் சுவருக்கு அப்பால் புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. இடிக்கிற சத்தமும் கட்டுகிற சத்தமும் ஒன்றாகக் கேட்டன.

சுவரோரமாகத் தரை துடைத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"யாரைத் தேடறீங்க?"

"டாக்டரைம்மா. இந்த ஆஸ்பத்திரி டாக்டர்."

"அவரைத்தான் பின்கட்டுல வெச்சிருக்காங்களே. முன்னாடி இருந்த டாக்டருங்க டீ குடிக்கப் போறேன்னு போய்த் திரும்பி வரலையாம். இவரும் போயிடுவாரோன்னு பயம்." அவள் அவரை உற்றுப் பார்த்தாள். "பூட்டுப் போட்டவரே நீங்கதானே."

பூட்டுக்காரர் வந்த வழியே திரும்பி ஓடினார். பின்கட்டு வரைக்கும் எப்படிப் போனார் என்று அவருக்கே தெரியாது. அதே கதவு. அதே பூட்டு, புது மெருகு போகாமல் மினுங்கிக்கொண்டிருந்தது. கதவைத் தட்டினார்.

"டாக்டர் இருக்கீங்களா?"

"இருக்கேன்" என்று ஒரு இளவயதுக் குரல் வந்தது. "நாடகத்துக்கு நேரமாயிடுச்சா?"

"நாடகமா? என் பொண்டாட்டிக்கு மூச்சு விட முடியலைங்க. நாலஞ்சு நாளா இருக்கு."

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. குரல் கதவுக்குப் பக்கத்தில் வந்து ஆளே மாறியது போல ஒலித்தது. படுத்தால் அடைக்கிறதா, கால் வீங்கியிருக்கிறதா, உதடு என்ன நிறத்தில் இருக்கிறது என்று கேட்டது. ஒவ்வொன்றுக்கும் இவர் பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்தது.

"ஐயா, அவங்களை உடனே பார்க்கணும். நிமிர்த்தி உட்கார வெச்சு ஆக்சிஜன் குடுக்கணும். ஊசி போடணும். கதவைத் திறக்கச் சொல்லுங்க. நான் உள்ள இருந்து திறக்க முடியாது."

"தெரியுங்க" என்றார் பூட்டுக்காரர்.

சாமான் பை வாசலில். நெஞ்சில் 'வரலாற்றுக் குடும்பம்' குத்தியிருந்தது. அதைப் பிய்த்து எடுத்து, ஊசியை நிமிர்த்திப் பூட்டுக்குள் விட்டார். ஊசி இரண்டு முறை வழுக்கியது. தான் போட்ட பூட்டை யாராலும் திறக்க முடியாது என்று ஊருக்குள் மார் தட்டிக்கொண்ட மனிதர், அது சீக்கிரம் திறக்க வேண்டுமே என்று அழுதுகொண்டே திருகினார். திறந்தது.

உள்ளே இருந்தவர் பழைய காலத்துக் கோட்டும் வட்டக் கண்ணாடியும் ஒட்டு மீசையுமாக நின்றார். மெழுகு பொம்மைக்கு உயிர் வந்தது போல இருந்தது.

"இன்னிக்கு நிறுவனர் வேஷம் போடச் சொன்னாங்க. முதல் பிரசவக் காட்சி" என்றார் டாக்டர் ஓடிக்கொண்டே. "மீசையைப் பிய்க்க நேரமில்ல. வாங்க."

வரலாற்றுக் கூடம் அதற்குள் நிறைந்திருந்தது. பிரமுகர்கள் முன்வரிசையில், கூலி நோயாளிகள் பின்வரிசையில். விளக்கெல்லாம் கட்டிலின் மேல். அவளை மறுபடியும் படுக்க வைத்திருந்தார்கள். இயக்குநர் ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்தார். கதவைத் தள்ளிக்கொண்டு கோட்டும் மீசையுமாக ஒருவர் ஓடி வந்ததைப் பார்த்ததும் அவர் குரல் தழுதழுத்தது.

"இதோ, கூப்பிட்ட குரலுக்கு ஓடி வந்த நம் நிறுவனர்."

கூடமே அதிர்ந்தது. அப்படி ஒரு கைதட்டலை அந்த ஆஸ்பத்திரி அதுவரை கேட்டதில்லை.

டாக்டர் கட்டிலில் ஏறி உட்கார்ந்து அவளைத் தூக்கித் தன் மேல் சாய்த்துக்கொண்டார். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். "ஆக்சிஜன் கொண்டாங்க" என்று கத்தினார். கைதட்டினார்கள். "யாராவது ஓடுங்க, ஊசி மருந்து கொண்டாங்க, இது நாடகமில்ல" என்று கத்தினார். முன்வரிசையில் ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். இது நாடகமில்லை என்று சொல்கிற அந்த இடம்தான் ரொம்பப் பிரமாதம் என்று பிறகு எல்லோரும் பேசிக்கொண்டார்கள். பூட்டுக்காரர் வரிசை வரிசையாகப் போய் ஒவ்வொருவர் கையாகப் பிடித்து இழுத்தார். இழுபட்ட கைகள் விடுபட்டதும் மறுபடி தட்டின. மூலையில் பழைய ஆக்சிஜன் உருளை ஒன்று நின்றது. ஓடிப்போய்த் தூக்கினார். அது அட்டை.

அனுபவ அலுவலர் மட்டும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. ஆக்சிஜன் எங்கே இருக்கும் என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டாள். அவருக்கும் தெரியவில்லை. அவர் பாராட்டுப் பிரிவு.

பூட்டுக்காரர் கட்டிலுக்குத் திரும்பி வந்தபோது மனைவி அவரைப் பார்த்தாள். டாக்டரின் ஒட்டு மீசை பாதி பிய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். உதடு லேசாக விரிந்தது. "வந்துட்டீங்களா" என்று கேட்டாள். வந்துட்டேன் என்றார். அவள் அடுத்து ஏதோ சொல்வதற்கு மூச்சுக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை.

டாக்டர் கைகளை நெஞ்சில் வைத்து அழுத்தினார். விடாமல் அழுத்தினார். பிறகு நிறுத்திவிட்டு அப்படியே தலை குனிந்து உட்கார்ந்தார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

அதற்குப் பிறகு அந்த டாக்டரை யாரும் பார்க்கவில்லை. கூட்டம் கலைகிற சந்தடியில் கோட்டைக் கழற்றி மெழுகு பொம்மையின் தோளில் போட்டுவிட்டு நடந்து போய்விட்டார். டாக்டர் இல்லாததைக் கொஞ்ச நாளைக்கு ஒருவரும் கவனிக்கவில்லை. ஆஸ்பத்திரி வழக்கம்போல நடந்தது, வழக்கம்போல வளர்ந்தது. பலகையில் கோட்டுக்குப் பின்னால் இருந்த இடத்தில் வருடத்தை எழுதிவிட்டார்கள். 'பிறந்ததும் இங்கே, நிறைந்ததும் இங்கே' என்று கீழே ஒரு வரி சேர்த்தார்கள். இயக்குநர் வீடு தேடி வந்து துக்கம் கேட்டார். அம்மா கடைசி வரைக்கும் எங்கள் சேவையில் முழுத் திருப்தியோடு இருந்தார்கள், அவர்கள் வாயாலேயே சொன்னது, அஞ்சுக்கு அஞ்சு என்று ஆறுதல் சொன்னார்.

போகும்போது வாசலில் நின்று ஒரு உதவி கேட்டார். கூடத்தில் புதிதாக ஒரு கண்ணாடிப் பெட்டி வைத்திருக்கிறார்களாம். அதற்கு ஒரு பூட்டு வேண்டுமாம்.

"உங்க கையால போட்டா பொருத்தமா இருக்கும்னு பார்த்தோம்."

பூட்டுக்காரர் மறுநாள் போனார். போயிருக்கக் கூடாது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். இன்னொரு தடவை அதைக் கையால் தொடலாம் என்பதற்காகத்தான் போனார்.

செருப்பு வெல்வெட் துணியின் மேல் இருந்தது. வாரில் அவர் வைத்துத் தைத்த தோல் துண்டு அப்படியே இருந்தது, கோணல்மாணலாக. எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். உள்பக்கத்தில் அவள் பாதத்தின் அச்சு இருந்தது. பிறகு திரும்ப வைத்துவிட்டு வேலையை ஆரம்பித்தார்.

முடிந்ததும் அனுபவ அலுவலர் சரிபார்க்க வந்தாள். கண்ணாடிக் கதவை வெளியிலிருந்து இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. சாவி எங்கே என்று கேட்டாள்.

"சாவி இல்லம்மா. இது வெளியிலேர்ந்து திறக்காது. உள்ள இருந்துதான் திறக்கும்."

அவள் செருப்பைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பூட்டு திருப்தி என்று எழுதிக்கொண்டாள். அவர் சாமான் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.